நூறு வாட் என்னும் பாதி உண்மை

ஒரே கடையின் அலமாரியில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டின் விவரத்தாளிலும் ‘100 வாட், 8 ஓம்’ என்றே அச்சிடப்பட்டிருக்கிறது. ஒன்றின் எடை ஏழு கிலோ. மற்றொன்றைத் தூக்க இருவர் வேண்டும். விலையிலோ ஐந்து மடங்கு வேறுபாடு. பொருளியல் படித்தவனுக்கு இந்தக் காட்சி உறுத்தவே செய்யும். போட்டி நிலவும் சந்தையில் ஒரே பொருளுக்கு இரண்டு விலைகள் நெடுநாள் நிலைக்க முடியாது என்பது, முதலாமாண்டு மாணவர்களுக்கு நாங்கள் நடத்தும் பாடம். அப்படியானால் ஒன்று, வாங்குவோர் ஏமாறுகிறார்கள். அல்லது, அவை இரண்டும் ஒரே பொருள் அல்ல. இந்தச் சந்தையின் விசித்திரம் என்னவென்றால், இரண்டு விடைகளுக்குமே அதில் இடமிருக்கிறது.

வீட்டில் நல்ல இசை கேட்க வேண்டும் என்று ஓய்வூதியப் பலன்களில் ஒரு பகுதியை ஒதுக்குபவர்கள் இன்று குறைவல்ல. அவர்களில் பலர் முதலில் ஒலிபெருக்கிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகுதான் அவற்றை இயக்கும் ஆம்ப்ளிஃபயரைத் தேடுகிறார்கள். தேர்ந்தெடுத்த ஒலிபெருக்கி எளிதில் இயங்காத வகையாக இருந்துவிட்டால், அங்கே தொடங்குகிறது செலவு. (தமிழில் நாம் ஸ்பீக்கருக்கு ‘ஒலிபெருக்கி’ என்று பெயர் வைத்துவிட்டோம். உண்மையில் ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. வந்துசேரும் மின்னாற்றலில் மிகச் சிறு பங்கை மட்டுமே ஒலியாக்கிவிட்டு, மீதியை வெப்பமாக விடுகிற கருவி அது. பெருக்கும் வேலை முழுவதும் ஆம்ப்ளிஃபயருடையது.)

சென்னையில் ஒரு கடையில் இதைப் பற்றி நான் விசாரித்தபோது கிடைத்த பதில், “100 வாட்னா 100 வாட்தான் சார், இதுல என்ன இருக்கு?” என்பது. அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் கிடைப்பது வாட். மேல்நிலைத் தொட்டியைக் கொண்டு இதை விளக்கலாம். தொட்டியின் உயரம் மின்னழுத்தம். குழாயில் ஓடும் நீரின் அளவு மின்னோட்டம். குழாய் எவ்வளவு குறுகலானது என்பது ஓம் கணக்கில் சொல்லப்படும் மின்மறுப்பு. குழாய் அகலமாக ஆக, அதாவது ஓம் குறையக் குறைய, அதே உயரத்திலிருந்து அதிக நீர் ஓட வேண்டும். தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் நீர்மட்டம் சரியும். 8 ஓம் சுமையில் 100 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் ஏறத்தாழ 28 வோல்ட்டும் 3.5 ஆம்பியரும் தருகிறது. சுமை 4 ஓம் ஆனால், அதே 28 வோல்ட்டைக் காப்பாற்ற 7 ஆம்பியர் வேண்டும். அப்போது ஆற்றல் 200 வாட். சுமை 2 ஓம் ஆனால் 14 ஆம்பியர், 400 வாட். கனமான மின்மாற்றியும் பெரிய மின்தேக்கிகளும் போதிய டிரான்சிஸ்டர்களும் உள்ள கருவி, ஓம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் வாட்டை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். மெலிந்த கருவி 4 ஓமில் 130 வாட்டோடு நின்றுவிடும். 2 ஓமில் தற்காப்புச் சுற்று அதை அணைத்துவிடும். ‘100 வாட், 8 ஓம்’ என்ற வரியில் இருவருமே பொய் சொல்லவில்லை. மீதி வரிகளை ஒருவர் அச்சிடவில்லை, அவ்வளவே.

ஒலிபெருக்கியின் பின்புறம் ஒட்டப்பட்டிருக்கும் ஓம் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அது ஒரு சராசரி போன்றது. சராசரி ஆழம் நாலடி என்று கேட்டு ஆற்றில் இறங்கியவனின் கதையைப் புள்ளியியல் வகுப்பில் உட்கார்ந்த எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஒலிபெருக்கியின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கிறது. ஓரிடத்தில் 30 ஓம் வரை ஏறும், இன்னோரிடத்தில் 3 ஓமுக்குக் கீழே இறங்கும். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரவிதிப்படி, குறிக்கப்பட்ட எண்ணின் 80 விழுக்காட்டுக்குக் கீழே மின்மறுப்பு இறங்கக் கூடாது. அதாவது, 8 ஓம் என்று எழுதினால் 6.4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. இதழ்கள் அளந்து வெளியிடும் வரைபடங்களைப் பார்த்தால், இந்த விதியைத் தயாரிப்பாளர்கள் எவ்வளவு தாராளமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது விளங்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒலிபெருக்கி தூய மின்தடை அல்ல. அதனுள் கம்பிச்சுருள்களும் மின்தேக்கிகளும் இருப்பதால் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் உச்சத்தை அடைவதில்லை. இந்த விலகல் 30 பாகையை எட்டினாலே, டிரான்சிஸ்டர்கள் தாங்க வேண்டிய உச்ச வெப்பச் சுமை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. தாளில் 4 ஓம் எனப்படுவது அந்த அதிர்வெண்ணில் 2 ஓம் போலவே வதைக்கும். மட்டி ஒட்டாலா, பெர்ட்டி ஹுட்டுனென் என்ற பின்லாந்து ஆய்வாளர்கள் இருவர் 1987-இல் வெளியிட்ட ஆய்வு, கடையில் விற்கும் சில ஒலிபெருக்கிகள் குறிப்பிட்ட சமிக்ஞைகளுக்கு 8 ஓம் மின்தடையைவிடப் பல மடங்கு உச்ச மின்னோட்டத்தைக் கேட்கக்கூடும் என்று காட்டியது.

கடினம் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, கடினங்கள் ஒரே வகையானவை அல்ல. இதைப் பிரித்தறியாமல் ‘பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்குங்கள்’ என்று அறிவுரை சொல்வதுதான் பணத்தை வீணாக்குகிறது. பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970-களில் வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ என்ற சிறு ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் உணர்திறன் மிகக் குறைவு. 83 டெசிபலைத் தொட்டால் அதிகம். ஆனால், தொடக்க கால உருப்படிகளின் மின்மறுப்பு 15 ஓம். அதற்கு மின்னழுத்தம் வேண்டும். மின்னோட்டம் பெரிதாக வேண்டியதில்லை. இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பது, 1980-களில் அமெரிக்காவின் அப்போஜி நிறுவனம் தயாரித்த சிண்டில்லா. அதன் மின்மறுப்பு 1 ஓம். அன்றைய ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவை அதன் முன் மண்டியிட்டன. டான் டி’அகோஸ்டினோவின் கிரெல் போன்ற ஒருசில நிறுவனங்களின் கருவிகள் பெயர் பெற்றதற்கு இத்தகைய ஒலிபெருக்கிகளை அவை இயக்கிக் காட்டியதும் ஒரு காரணம்.

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு. இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் உருவாக்கி 1957-இல் விற்பனைக்கு வந்த குவாட் நிலைமின் ஒலிபெருக்கி, மின்சுற்றின் பார்வையில் ஒரு பெரிய மின்தேக்கி. தாழ்ந்த ஒலிகளில் 30 ஓமுக்கு மேல் இருக்கும் அதன் மின்மறுப்பு, உச்ச அதிர்வெண்களில் 2 ஓம் அளவுக்குச் சரிகிறது. நிச்சயமாகக் கடினமான சுமைதான். ஆனால், அது வடிவமைக்கப்பட்டது அதே நிறுவனத்தின் 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயருக்காக. கட்டுப்பாடில்லாத 200 வாட் கருவியை அதனுடன் இணைத்தால் உள்ளிருக்கும் தகடுகளிடையே மின்பொறி பாய்ந்து ஒலிபெருக்கியே பழுதாகும். இங்கே தேவை, மின்தேக்கிச் சுமையைக் கண்டு நிலைகுலையாத சிறிய கருவி.

என் வீட்டுக் கூடத்தில் நிற்பவை நான்காவது வகை. 3எம் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் ஜிம் வைனி, 1969-இல் மினசோட்டாவில் தொடங்கிய மேக்னபேன் நிறுவனத்தின் தட்டை வடிவ ஒலிபெருக்கிகள். பார்ப்பதற்கு அறையை மறைக்கும் திரைச்சீலைச் சட்டம் போல இருக்கும். மின்மறுப்பு ஏறத்தாழ மாறாத 4 ஓம்; விலகல் கோணமும் குறைவு. அந்த வகையில் சாதுவானவை. ஆனால், உணர்திறன் குறைவு. இங்கே ஒரு சொற்சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். விவரத்தாளில் காணப்படும் எண், ‘2.83 வோல்ட்டுக்கு 86 டெசிபல்’. 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் ஒரு வாட். 4 ஓமிலோ அது இரண்டு வாட். ஒரு வாட்டுக்கு என்று கணக்கிட்டால் இந்த ஒலிபெருக்கி தருவது 83 டெசிபல்தான். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள். தவறென்று சொல்ல முடியாது. ஆனால், 4 ஓம் ஒலிபெருக்கி வாங்குபவர் அந்த எண்ணிலிருந்து மூன்றைக் கழித்துக்கொள்வது நல்லது.

மூன்று டெசிபலில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். மூன்று டெசிபல் கூட வேண்டுமானால் ஆற்றல் இரட்டிப்பாக வேண்டும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. 20 டெசிபலுக்கு நூறு மடங்கு. 83 டெசிபல் தரும் பெட்டி வடிவ ஒலிபெருக்கி இரண்டை வைத்துக்கொண்டு மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்தால், தொலைவால் குறைவதையும் இரண்டாவது ஒலிபெருக்கியும் அறைச் சுவர்களும் திருப்பித் தருவதையும் கூட்டிக் கழித்து, ஒரு வாட்டுக்கு 80 டெசிபலை ஒட்டிய ஒலி செவியை அடையும் என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரணமாகக் கேட்க இது தாராளம். அதாவது, பெரும்பாலான நேரம் நாம் பயன்படுத்துவது ஒரே ஒரு வாட். ஆனால், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் தொப்பியில் விழும் ஓர் அடி, நாகசுரத்துடன் தவில் சேரும் கணம், மேலைச் சேர்ந்திசையின் உச்சம் ஆகியவை சராசரியைவிட 15 முதல் 20 டெசிபல் வரை எழும். 20 டெசிபல் என்றால் நூறு வாட். அந்தக் கணத்தில் கருவியிடம் நூறு இல்லையென்றால் அலையின் முகடு வெட்டுப்படும், அடி மழுங்கும், இது தொடர்ந்தால், உச்ச ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர் எரிந்துபோகவும் கூடும். இதே அறையில் 90 டெசிபல் ஒலிபெருக்கிக்கு 20 வாட் போதும். ஆக, ஒலிபெருக்கியில் மிச்சப்படுத்தும் தொகையை ஆம்ப்ளிஃபயரில் கட்ட நேரிடுகிறது. பொருளியலில் இவற்றை இணைப்புப் பண்டங்கள் என்போம். இரண்டையும் தனித்தனியே விலை பேசுவதில் பொருளில்லை.

இனி, இந்த எண்களை யார் காவல் காக்கிறார்கள் என்ற கேள்வி. 1990-களில் இங்கே பாட்டுப்பெட்டி வாங்கியவர்களுக்கு ‘பி.எம்.பி.ஓ.’ என்ற எழுத்துகள் நினைவிருக்கும். கைக்கு அடக்கமான பெட்டியின் மீது 1,000 வாட் என்று மினுமினுக்கும். உண்மையில் தொடர்ந்து தரக்கூடியது பத்து, இருபது வாட்டாக இருக்கும். பி.எம்.பி.ஓ.வை அளப்பதற்குப் பொதுவான வரையறை எதுவும் கிடையாது. அமெரிக்காவிலும் 1960-களில் இதே கூத்து நடந்தது. 1974-இல் அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஆற்றலைச் சொல்வதானால் எந்த மின்மறுப்பில், எந்த அதிர்வெண் வரம்பில், எவ்வளவு உருக்குலைவுடன் என்று சேர்த்தே சொல்ல வேண்டும். அதுவும் மூன்றில் ஒரு பங்கு ஆற்றலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகு அளக்க வேண்டும் என்றது. தொழில்துறை முணுமுணுத்தது, ஆனால், கற்பனை வாட்டுகள் மறைந்தன. 2024-இல் இந்த விதி திருத்தப்பட்டு, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 8 ஓம் சுமையில் அளப்பது பொது அளவுகோல் ஆக்கப்பட்டிருக்கிறது.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது நல்ல சரக்கு சந்தையை விட்டே வெளியேறும் என்று 1970-இல் ஜார்ஜ் ஆகெர்லாஃப் எழுதிய கட்டுரைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கப்படம் கிடைக்காது. விதி வந்ததால் நேர்மையானவர் பிழைத்தார். இருப்பினும், அந்த விதியும் நிற்பது 8 ஓமில்தான். அதற்குக் கீழே இறங்கும் ஒலிபெருக்கியை வைத்திருப்பவருக்கு அரசின் அளவுகோல் உதவாது; அவர் தானே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

விசாரிக்க வேண்டியது அதிகமில்லை. ஆம்ப்ளிஃபயரின் 4 ஓம் எண்ணையும், கிடைத்தால் 2 ஓம் எண்ணையும் கேட்க வேண்டும். 8 ஓமிலிருந்து 4 ஓமுக்கு வரும்போது வாட் ஒன்றரை மடங்காவது உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒலிபெருக்கியின் மிகக் குறைந்த ஓம் எவ்வளவு, அது எந்த அதிர்வெண்ணில் வருகிறது என்பதையும் அறிய வேண்டும். இசையின் ஆற்றலில் பெரும்பகுதி தாழ்ந்த ஒலிகளில் இருப்பதால், 80 ஹெர்ட்ஸில் 3 ஓம் என்பது 10,000 ஹெர்ட்ஸில் 3 ஓமைவிடக் கடுமையானது. தயாரிப்பாளரின் தாளில் இவை இல்லையென்றால், ஸ்டீரியோஃபைல் போன்ற இதழ்கள் அளந்து வெளியிட்ட வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. வீட்டுத் திரையரங்கு ரிசீவர்களில் ‘7 x 100 வாட்’ என்று இருந்தால் பின்புறத் தகட்டில் மின்நுகர்வு எவ்வளவு என்று பாருங்கள். 700 வாட் வெளியே தருவதாகச் சொல்லும் பெட்டி 400 வாட்தான் உள்ளே வாங்குகிறது என்றால், ஆற்றல் அழிவின்மை விதி பள்ளியிலேயே கற்பிக்கப்பட்டதுதானே! (அந்தத் தகட்டு எண்ணும் முழு ஆற்றலில் அளந்ததல்ல என்பதால் அதையே தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம், ஐயம் எழுப்ப அது போதும்.)

இரண்டு சேனல்களை இணைத்து ஒன்றாக்கும் ‘பிரிட்ஜ்’ முறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வாட் எண் மூன்று, நான்கு மடங்காக உயர்ந்து கவர்ச்சி காட்டும். ஆனால், இணைக்கப்பட்ட ஒவ்வொரு பாதிக்கும் ஒலிபெருக்கியின் ஓம் பாதியாகவே தெரியும். 4 ஓம் ஒலிபெருக்கி 2 ஓமாகிவிடும். உணர்திறன் குறைந்த 15 ஓம் பெட்டிக்கு இது பொருந்தலாம். மின்னோட்டத்துக்கு ஏங்கும் ஒலிபெருக்கிக்கு இது ஆகவே ஆகாது.

வால்வு ஆம்ப்ளிஃபயரின் இனிமையை விரும்புபவர்களுடன் எனக்குச் சண்டை இல்லை. ஆயினும், கணக்கு ஒன்று உண்டு. கருவியின் உள்மறுப்பு 2 ஓம் என்றால், 3 ஓமுக்கும் 30 ஓமுக்கும் இடையே ஏறி இறங்கும் ஒலிபெருக்கியில் ஒலியின் அளவு அதிர்வெண்ணுக்கு ஏற்ப 4 டெசிபல் வரை மாறும். அதாவது, யாரும் தொடாமலே பாஸ், ட்ரெபிள் குமிழ்கள் திருகப்பட்டுவிடுகின்றன. சிலருக்கு அது பிடித்திருக்கிறது. எப்போதும் முழு மின்னோட்டத்தில் எரியும் ‘கிளாஸ் ஏ’ வகையோ வேறு விதத்தில் செலவு வைக்கும். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் 300 வாட் இழுக்கும் கருவியை நாளுக்கு மூன்று மணி நேரம் இயக்கினால், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 54 யூனிட். சென்னைக் கோடையில் அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏசி குடிக்கும் மின்சாரம் தனி. ‘கிளாஸ் டி’ வகை இந்த இரண்டு சிக்கல்களையும் பெருமளவு தீர்த்துவிட்டது. புரூனோ புட்சேஸ் போன்ற வடிவமைப்பாளர்களின் பணியால், எடை குறைந்த, சூடேறாத, 4 ஓமில் தயங்காத கருவிகள் நடுத்தர விலைக்கு வந்துவிட்டன. எடையே தரம் என்ற பழைய அளவுகோல் இவற்றுக்குப் பொருந்தாது. எத்தனை ஓம் வரை தாங்கும் என்பதை மட்டும் கையேட்டில் பார்த்துவிட வேண்டும்.

இனி, ப்ரீ ஆம்ப்ளிஃபயர். ஒலிபெருக்கியின் கடினம் அதை எட்டுவதே இல்லை என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். ஒலிபெருக்கியுடன் மல்லுக்கட்டுவது பவர் ஆம்ப்ளிஃபயர் மட்டுமே. ப்ரீ ஆம்ப் பார்ப்பது அந்த பவர் ஆம்ப்ளிஃபயரின் நுழைவாயிலை. ஆகவே, ‘கடினமான ஒலிபெருக்கிக்கு ஏற்ற வலுவான ப்ரீ ஆம்ப்’ என்று யாராவது விற்றால், அது மாடிப்படிக்கு ஏற்ற செருப்பு என்று சொல்வதைப் போன்றதுதான். இன்றைய சிடி பிளேயரோ டிஜிட்டல் மாற்றியோ 2 வோல்ட் தருகிறது. 20 மடங்கு பெருக்கும் 100 வாட் ஆம்ப்ளிஃபயரின் முழு ஆற்றலுக்குத் தேவை 1.4 வோல்ட். பெருக்குவதற்கு அங்கே எதுவுமில்லை. ப்ரீ ஆம்ப் செய்வது பெரும்பாலும் குறைக்கும் வேலை. பெருக்கம் தேவைக்கு மேல் இருந்தால் ஒலிக் குமிழைக் கடைசி வரை திருப்பவே முடியாமல், தொடக்கத்திலேயே நிறுத்திவைக்க நேரும், அங்கே இடது, வலது சமநிலை பிசகும், இரைச்சலும் கேட்கும். இசைத்தட்டு கேட்பவர் விதிவிலக்கு. ஊசி தரும் சில மில்லிவோல்ட்டைப் பெருக்கத்தான் வேண்டும்.

ப்ரீ ஆம்பின் வெளியீட்டு மறுப்பைப் போலப் பத்து மடங்காவது பவர் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு மறுப்பு இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. வால்வு ப்ரீ ஆம்பையும் உள்ளீட்டு மறுப்புக் குறைந்த கிளாஸ் டி கருவியையும் இணைப்பவர்கள் இதைப் பார்க்காவிட்டால் தாழ்ந்த ஒலிகள் தேய்ந்துபோகும். இரண்டு பெட்டிகளுக்கும் இடையே கம்பி நீளமானால், மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். இணைப்பு உள்ளதைத் தேர்வது நலம். நல்ல குமிழ், குறைந்த இரைச்சல், வேண்டிய அளவு இணைப்புகள். இவற்றுக்கு மேல் ப்ரீ ஆம்பில் செலவிடும் ஒவ்வொரு ரூபாயின் இறுதிநிலைப் பயன்பாடும் வேகமாகக் குறைகிறது என்பதே என் கருத்து. கைப்பிடி அகலத்துக்கு அலுமினிய முகப்பு வைத்தவர்கள் என்னோடு உடன்பட மாட்டார்கள். அந்த முகப்பு ஒலிக்காக அல்ல, தரத்தைப் பற்றிய சைகைக்காக.

1987 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ இதழ், எளிய ரிசீவர் முதல் பல ஆயிரம் டாலர் கருவி வரை மறைத்துவைத்துக் கேட்கச் செய்தபோது, கேட்டவர்களால் நம்பத்தக்க வகையில் வேறுபடுத்த இயலவில்லை. இதைக் கொண்டு எல்லா ஆம்ப்ளிஃபயர்களும் ஒன்றே என்று வாதிடுவோர் உண்டு. நான் அதை அப்படிப் படிக்கவில்லை. வரம்புக்குள் இயங்கும்வரை வேறுபாடு சொற்பம். கடினமான ஒலிபெருக்கி செய்வதெல்லாம் கருவியை அந்த வரம்புக்கு வெளியே தள்ளுவதுதான். கூடுதல் விலைக்கு நியாயம் இருக்குமானால் அது அங்கேதான்.

நம் நாட்டில் குளிர்பதனப் பெட்டிக்கும் ஏசிக்கும் நட்சத்திரக் குறியீடு இருக்கிறது. ஒரே முறையில் அளந்த எண்ணை வாங்குபவர் ஒப்பிட முடிகிறது. இசைக் கருவிகள் சிலவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு இருந்தாலும், அது மின்னதிர்ச்சி, தீ போன்றவற்றிலிருந்து பாதுகாப்பதற்கு. வாட் எண்ணின் நேர்மைக்கு அல்ல. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தைத் தண்டிக்கிறது; ஆனால், எது சரியான எண் என்று வரையறுக்காதபோது எதைத் தவறென்று நிறுவுவது? 8, 4, 2 ஓம்களில் தொடர்ந்து தரும் ஆற்றலை ஆம்ப்ளிஃபயரிலும், மிகக் குறைந்த மின்மறுப்பை ஒலிபெருக்கியிலும் அச்சிட வேண்டும் என்று ஓர் ஆணை பிறப்பித்தால் அரசுக்குச் செலவு ஏதுமில்லை. தயாரிப்பாளர்கள் இவற்றை ஏற்கெனவே அளந்துதான் வைத்திருக்கிறார்கள்.

பழைய பெரிய ஆம்ப்ளிஃபயரைக் குறைந்த விலைக்கு வாங்கி இந்தச் சிக்கலைக் கடக்கலாமா என்று என் மாணவர்களில் சிலர் கேட்கிறார்கள். கடக்கலாம். ஆனால், இருபது, முப்பது ஆண்டுகளில் அவற்றின் மின்தேக்கிகள் வறண்டுவிடும். மாற்றுவதற்கான செலவையும், அந்த வேலை தெரிந்த மெக்கானிக் உள்ளூரில் கிடைப்பாரா என்பதையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். புதியதோ பழையதோ, பணத்தை முழுமையாகக் கொடுப்பதற்கு முன் ஓரிரு நாள்கள் வீட்டுக்கு எடுத்துச்சென்று, தங்கள் ஒலிபெருக்கியுடனேயே இணைத்து, ஒரு மணி நேரம் உரக்க ஓடவிட்டுப் பார்க்கக் கடைக்காரர் இசைவாரா என்று கேளுங்கள். சிலர் இசைகிறார்கள்.